மாதாவிடம் சொல்லியாயிற்று

ஆகஸ்ட் பாதி கழிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி நிறம் கூடத் தொடங்கும். காவி வேட்டி, காவிச் சேலை, கழுத்தில் செபமாலை. முன்னால் ஒரு தள்ளுவண்டி, அதில் சீரியல் விளக்குகளுக்கு நடுவே ஆரோக்கிய மாதா சுரூபம். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 பெருவிழாவுக்கோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று, கொப்புளம் வெடித்த பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். காரணம் கேட்டால் நீண்ட பதில் வராது. பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும், மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "மாதாகிட்ட சொல்லிட்டேன்."

அப்படிச் சொன்னவருக்குள் என்ன நடக்கிறது? மாதா கேட்டாளா என்று சோதிக்க அறிவியலிடம் கருவி கிடையாது. சொன்னவரின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பயத்தையும் தனிமையையும் அளக்கக் கருவி உண்டு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் பலர் அளந்தும் இருக்கிறார்கள். கிடைத்த விடைகள் பக்தருக்கும் முழுத் திருப்தி தராது, நாத்திகருக்கும் தராது.

ஆன்மிகமும் உளவியலும் சேரும் இடம் என்றால் நமக்கு உடனே திருவண்ணாமலையும் புதுச்சேரியும் நினைவுக்கு வரும். ரமணரின் 'நான் யார்' விசாரணை, அரவிந்தரின் யோகம், 1937-38இல் இந்தியா வந்தும் ரமணரைப் பார்க்காமலே திரும்பிப் போன கார்ல் யுங் என்று பேச்சு உயரமாகவே போகும். படித்தவர்களின் உள்வளர்ச்சி அது. டெல்டாவின் கடைக்கோடியில் நடப்பது வேறு. வேளாங்கண்ணியின் தோற்றக் கதைகள் மூன்றையும் எண்ணிப் பாருங்கள்: குளக்கரையில் ஓய்ந்திருந்த சிறுவனிடம் குழந்தைக்குப் பால் கேட்ட தாய், நடுத்திட்டில் மோர் விற்ற கால் முடமான பையன் எழுந்து நடந்தது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்தது. பாவமோ மோட்சமோ தத்துவமோ இவற்றில் இல்லை. பசி, ஊனம், புயல், அவ்வளவே. 1962இல் இந்த ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தியவர் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான். மாதாவுக்கு 'ஆரோக்கியம்' என்று பெயர் வைத்தவர்கள் அதற்கு வெகு காலம் முந்தியவர்கள். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம், இஸ்லாமியரும் உண்டு. பிற சமயத்தார் இங்கே வந்து ஆறுதல் பெறுவதைச் சமயக் கலப்பென்று தள்ளிவிட முடியாது என்று 2024 ஆகஸ்டில் வத்திக்கானே தஞ்சை ஆயருக்குக் கடிதம் எழுதியது.

உளவியல் இதை எப்படிப் பார்த்தது? 1902இல் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றிய தம் பெரிய நூலில், அவை எங்கிருந்து முளைத்தன என்பதைவிட என்ன பலன் தந்தன என்று பார்க்கச் சொன்னார். 1927இல் பிராய்டு, மதம் என்பதே தந்தையைத் தேடும் குழந்தை மனத்தின் மாயை என்றார். இருவரும் எதையும் அளக்கவில்லை. பின்னாளில் அளந்து பார்க்க வழிகாட்டிய ஒரு கவனிப்பு மீன்பிடியிலிருந்து வந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். உள்காயலில் மீன் பிடிப்பவர்கள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. அங்கே ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் நீண்டன. நாகப்பட்டினம் கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. கடலை விட்டு உள்ளே வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு அது என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்து நட்ட சம்பா கதிர் விடும் முன் புயல் வரலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறிய கஜா, தலைமுறையாக வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. உழைப்புக்கும் பலனுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும் ஊரில் நேர்ச்சை தழைப்பதில் ஆச்சரியமில்லை.

2006 லெபனான் போரின்போது மானிடவியலாளர் ரிச்சர்டு சோசிஸ் குழுவினர் இஸ்ரேலியப் பெண்களிடம் இதையே சோதித்தார்கள். ராக்கெட் விழுந்துகொண்டிருந்த வடபகுதியிலேயே தங்கியவர்களில் சங்கீதங்களை ஓதியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. வேறு ஊருக்கு இடம்பெயர்ந்தவர்களுக்கு அதே ஓதல் அந்தப் பலனைத் தரவில்லை. அவர்களுடைய கவலைகள் பணம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சேதம் என்று தாங்களே ஏதாவது செய்தாக வேண்டிய வகையைச் சேர்ந்தவை. கையை மீறிய கவலையை வேண்டுதல் இறக்கி வைக்கிறது. கைக்குள் இருக்கும் கவலையை அது தொடுவதில்லை. "சொல்லிட்டேன்" என்ற சொல்லில் உள்ள நிம்மதியின் எல்லையும் இதுதான். மழை வர வேண்டும் என்று மாதாவிடம் சொல்லலாம். சர்க்கரை நோய் மாத்திரையைச் சாப்பிடாமல் இருந்துவிட்டு அதையும் மாதாவிடமே சொல்லக்கூடாது.

இனி உடம்புக்கு வருவோம். பாதயாத்திரைக் கூட்டம் செபமாலை சொல்லிக்கொண்டே நடக்கும். ஒருவர் மன்றாட்டின் முதல் பாதியைச் சொல்ல, கூட்டம் மறுபாதியைச் சொல்லும். ஐம்பது மணியும் இப்படியே. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 23 பேர் லத்தீன் மொழியில் செபமாலை சொன்னார்கள். அதே ஆட்கள் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரமும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவையாக இறங்கியது. சாதாரணமாக நாம் 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம்.

ஆறு என்ற எண்ணில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் இரத்த அழுத்தம் தானாகவே சுமார் பத்து வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்நரம்புகள் அதைக் கவனித்து இதயத்தை நிதானப்படுத்துகின்றன. மூச்சும் பத்து வினாடிக்கு ஒன்றாக வரும்போது இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஊஞ்சல் பின்னுக்கு வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலே போதுமே, அப்படி அந்த நிதானப்படுத்தும் அனிச்சைச் செயல் வலுப்படுகிறது. படபடப்பு தணிகிறது. முதல் பாதியை ஒருவர் சொல்ல மற்றவர் காத்திருந்து பதில் சொல்லும் அமைப்பு, யாருக்கும் தெரியாமலே மூச்சுப் பயிற்சியாக இருந்திருக்கிறது. லத்தீனில் அளந்த வேகம் தமிழில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, நடந்துகொண்டே சொல்லும்போது கணக்கு மாறவும் செய்யும். மண்டபத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லும் கிழவிகளைக் கவனித்தால் கணக்கு கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும் என்பது என் ஊகம்.

மூச்சை விடப் பெரிய காரணம் பக்கத்தில் நடக்கும் ஆள். யாத்திரையில் பதவியும் பட்டமும் உதிர்ந்து மனிதர்கள் வெறும் மனிதர்களாக ஒன்றுகிறார்கள் என்று 1978இல் விக்டர் டர்னரும் எடித் டர்னரும் கிறித்துவ யாத்திரைகளைப் பற்றிய நூலில் எழுதினார்கள். கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார்கள். ஒன்றாக நடந்துவிட்டு ஊர் திரும்பினால், கல்லறையில்கூடச் சாதிச் சுவர் நின்ற பங்குகள் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத்தில் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆனாலும் அந்த ஒன்றுதல் முழுப் பொய்யும் அல்ல. அலகாபாத்தில் மாக மேளாவில் இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் சேர்ந்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் ஆற்றங்கரையில் தங்கிய 416 யாத்திரிகர்களையும் ஊரிலேயே இருந்துவிட்ட 127 பேரையும் மேளாவுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். கடுங்குளிர், ஓயாத ஒலிபெருக்கி, சுத்தமில்லாத தண்ணீர். மருத்துவக் கணக்குப்படி போனவர்களின் நலம் கெட்டிருக்க வேண்டும். மாறாக, போனவர்கள்தான் தங்கள் உடலும் மனமும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள், விழுந்தால் தூக்குவார்கள் என்ற உணர்வுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வேளாங்கண்ணிப் பாதையில் மோரும் கஞ்சியும் கால் தைலமும் கொடுக்க முன்பின் தெரியாதவர்கள் காத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் விசாரிக்காத ஒரு விதவைக்கு அந்தப் பத்து நாளில் கிடைக்கும் கவனிப்பு, மருந்துக் கடையில் கிடைக்காத ஒன்று.

சிலர் நடையோடு நிற்பதில்லை. மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையிலுள்ள மணல் பாதையில் முழங்காலிலேயே போவார்கள். பார்க்கிற நமக்கு வலிக்கும். மொரீசியஸ் தீவில் தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கும் தமிழர்களை திமித்ரிஸ் சிகலாதாஸ் குழுவினர் ஆராய்ந்து 2019இல் எழுதினார்கள். கேட்டவர்கள் நாற்பது பேருக்கும் குறைவு, ஆகவே பெரிய முடிவுக்குப் போக வேண்டாம். ஆனால் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது: நாள்பட்ட நோயும் ஏழ்மையும் உள்ளவர்களே அதிக அலகு குத்திக்கொண்டார்கள், பிறகு தங்கள் நலம் கூடியதாக அதிகம் உணர்ந்தவர்களும் அவர்களே. உடல் அளவைகளில் நீடித்த கேடு எதுவும் தெரியவில்லை. தன் விருப்பமில்லாமல் வந்த வலிக்குப் பக்கத்தில், தானே தேர்ந்து, ஊர் பார்க்க ஏற்று முடித்த ஒரு வலி. நோயாளி என்ற பெயர் மாறி நேர்ச்சை முடித்தவர் என்ற பெயர் கிடைக்கிறது.

சரி, நோய் குணமாகிறதா?

பேராலயத்தின் காணிக்கைக் காட்சிக்கூடத்தில் வெள்ளியிலும் தங்கத்திலும் கண், கை, கால், தொட்டில், வீடு என்று உருவாரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிறைவேறிய ஒரு வேண்டுதல். கிரேக்க நாட்டு தியாகோரஸ் என்ற நாத்திகரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கடலில் வேண்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர்கள் கோயிலில் மாட்டிய படங்களை ஒரு நண்பர் காட்டி, இன்னுமா நம்பவில்லை என்று கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம் தியாகோரஸ். புள்ளியியல் மாணவருக்கு முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம் இது. பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று குணமடைந்ததாக வரும் கோரிக்கைகளைச் சோதிக்கிறது. ஆயிரக்கணக்கில் வந்தவற்றில் திருச்சபையே புதுமை என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியிருக்கின்றன. 2006இல் அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, பிறர் செய்யும் பிரார்த்தனையின் பலனைச் சோதித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாத இரு பிரிவினருக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய சமம்: நடந்தவர்களில் 52 சதவீதம், நடக்காதவர்களில் 51 சதவீதம். நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கோ 59 சதவீதம். 'இத்தனை பேர் வேண்டிக்கொள்ளும் அளவுக்கா என் நிலைமை மோசம்?' என்ற பயம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் விளக்கினார்கள்.

மன நோயின் கதை கொஞ்சம் வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆர். ரகுராம் குழுவினர் 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலுக்குச் சிகிச்சை தேடி வந்த 31 பேரைக் கவனித்தார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். ஒவ்வொருவரும் சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கினார்கள், வீட்டு ஆள் ஒருவர் துணையோடு. பேயோட்டம் இல்லை, அடி உதை இல்லை, மருந்தும் இல்லை. காலையில் சின்னதாக ஒரு பூசை, பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் 52.9இலிருந்து 42.9க்கு, அதாவது ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. 2002இல் இது வெளியானதும் கண்டனங்கள் வந்தன: ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு இல்லையே, தானாகவே தணிந்திருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. எனினும், விரட்டாத ஓர் இடமும் கூட இருக்கும் உறவும் அன்றாட வேலையும் நோயாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மனநல மருத்துவமே இன்று மறுக்காது. அந்தக் கோயில் தந்தது இவற்றைத்தான்.

இந்த ஆய்வுக்கு மறு ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். முத்துசாமி கோயிலுக்கும் ஏர்வாடிக் கொட்டகைக்கும் நம்பிக்கையின் அளவில் வித்தியாசம் இல்லை. நோயாளியை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சங்கிலியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இறைநம்பிக்கையைக் கொண்டு துன்பத்தைத் தாங்குவதில் இரண்டு வழிகளைப் பிரித்தார். 'கடவுள் என்னோடு இருக்கிறார்' என்பது ஒன்று. 'கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்' என்பது மற்றது. அவர் குழுவினர் 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்து கவனித்து 2001இல் எழுதிய கட்டுரைப்படி, கடவுள் கைவிட்டுவிட்டார் என்று எண்ணியவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 28 சதவீதம் கூடுதல். நோயின் கடுமையைக் கணக்கில் கழித்த பிறகும் அப்படித்தான். ஒரே நம்பிக்கை ஒருவரைத் தாங்குகிறது, இன்னொருவரை அரிக்கிறது.

வேளாங்கண்ணி இதைப் பாடமாகப் படித்த ஊர் அல்ல, பட்டுத் தெரிந்த ஊர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. விழாவுக்கு வந்த யாத்திரிகர்கள் காலையில் கடற்கரையில் நிறைந்திருந்தபோது சுனாமி வந்தது. திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர், மாதா காப்பாற்றினாள் என்று சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குழந்தையைக் கடல் பார்க்க அனுப்பிவிட்டுப் பூசைக்குப் போன தாய் அந்த வாக்கியத்தைக் கேட்டால் அவளுக்குள் என்ன ஓடும்? அவள் குழந்தை என்ன குற்றம் செய்தது? நேர்ச்சையில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா?

சுனாமிக்குப் பிறகு ஆலோசகர்கள் படிவங்களோடு நாகை மாவட்டத்துக்கு வந்து இறங்கினார்கள். வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த ஆந்தோ ராஜ்குமார், பிரேம்குமார், பிரதாப் தர்யன் ஆகியோர் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீனவக் கிராமங்களில் உட்கார்ந்து கேட்டார்கள். 2008இல் வெளியான அவர்கள் ஆய்வு சொன்னது: மக்கள் எழுந்து நின்றது பெரும்பாலும் குடும்பத்தாலும் சாதிசனத்தாலும் சடங்காலும் நம்பிக்கையாலும்தான்; வெளியிலிருந்து வந்த மனநலச் சேவையை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கூட்டாக அழுதார்கள், கூட்டாகத் திதி கொடுத்தார்கள், திருப்பலி ஒப்புக்கொடுத்தார்கள், மறுபடி கடலுக்குப் போனார்கள். பெரும்பாலோருக்கு இது போதுமானதாக இருந்தது. போதாமல் போன சிலரும் இருந்தார்கள். மாதக்கணக்கில் தூங்காதவர்கள், அலைச் சத்தம் கேட்டாலே உடல் நடுங்கியவர்கள், தன் பாவம்தான் காரணம் என்று ஒடுங்கிப் போனவர்கள். அவர்களை இன்னொரு நவநாளுக்குப் போகச் சொல்வது தீர்வல்ல.

ஆக என் தீர்ப்பு இது. வேளாங்கண்ணி நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. நோயோடு வரும் தனிமையையும் செயலற்ற தவிப்பையும் அது தணிக்கிறது என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு. அது சின்ன வேலை அல்ல. ஆனால் அந்த வேலையைச் செய்யும் இடமே "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று ஒரு மனச்சோர்வு நோயாளியிடம் சொல்லிவிட்டால், எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இந்தியாவில் மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்றது 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு. அவர்களில் பலர் மருத்துவமனை வாசலை மிதிக்குமுன் கோயிலையோ தர்காவையோ மாதா கோயிலையோ மிதித்தவர்களாகவே இருப்பார்கள். குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய ஏற்பாட்டில், தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே நோயாளியை அடையாளம் கண்டு வளாகத்திலேயே உள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். துவாவும் உண்டு, மருந்தும் உண்டு. ஏர்வாடியிலும் பின்னர் அதே முறை வந்தது. லட்சக்கணக்கானோர் கூடும் பெருவிழாவில், கால் கொப்புளத்துக்கு மருந்து போடும் முகாமுக்குப் பக்கத்தில் மனநல மருத்துவர் ஒருவருக்கும் ஒரு மேசை போடுவது பெரிய காரியமல்ல.

இந்த ஆண்டு உங்கள் வீட்டிலிருந்து யாராவது நடந்து போனால் தடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சோடு ஒருவர் புறப்பட்டால் மட்டும், மாதாவிடம் சொல்வதற்கு முன்னோ பின்னோ இன்னொருவரிடமும் சொல்ல வையுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.